பே சீட்டில் மேலே இருக்கும் தொகை

இலங்கையில், திருகோணமலையின் நிலாவெளிப் பக்கம் புதிதாக வேலை கிடைத்த பிள்ளைகளிடம் "எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் பதில் வரும்: "கைக்கு அறுபது வரும் அக்கா." கைக்கு வருவது பெரிய விசயம்தான். வாடகை, பிள்ளையின் டியூசன் காசு, கடைக் கொப்பிக் கணக்கு எல்லாம் அதில்தான் ஓடுகிறது. ஆனால் நான் அடுத்ததாகக் கேட்பது "பேசிக் எவ்வளவு?" என்று. பேசிக் என்றால் படிகள் சேராத அடிப்படைச் சம்பளம். இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்பவர்கள் குறைவு. "கடிதத்தைப் பார்க்க வேணும்" என்பார்கள். சிலருக்கு நியமனக் கடிதமே கொடுத்திருக்க மாட்டார்கள்.

கடற்கரை ஹோட்டல் ஒன்றின் கணக்குப் பிரிவில் சம்பளம் போடும் வேலை என்னுடையது. கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், உவர்மலை, சாம்பல்தீவு என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் எங்களிடம் வேலை செய்கிறார்கள். சம்பள நாளில் பே சீட் என்ற சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வருவார்கள். ஏன் வெட்டினார்கள், எங்கே போகிறது, எப்போது திரும்ப வரும் என்ற மூன்று கேள்விதான் அநேகமாக வரும். கேட்பவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதை எழுதிவைத்தால் வேறு இடங்களில் வேலை செய்பவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

முதலில் வெட்டைப் பற்றி. தனியார் துறையில் வேலை செய்யும் எல்லாருக்கும் பொதுவாக இருப்பது ஊழியர் சேமலாப நிதி, நாங்கள் ஈபிஎஃப் என்று சொல்வது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. எங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள். முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம் போட வேண்டும். இரண்டும் சேர்ந்து 20 வீதம் உங்கள் பெயரில் மத்திய வங்கி பார்க்கும் நிதியத்துக்குப் போகிறது. இதைவிட ஈடிஎஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதி என்று ஒன்று இருக்கிறது, 1980ஆம் ஆண்டின் சட்டம். அதற்கு முதலாளி மட்டும் 3 வீதம் கட்ட வேண்டும். எங்களிடமிருந்து ஒரு சதமும் எடுக்க முடியாது.

இந்த 8, 12, 3 என்ற மூன்று எண்களை நான் படித்தது புத்தகத்தில் இல்லை. உயர்தரம் எழுதிவிட்டு முடிவு வரும்வரை நகரத்தில் ஒரு கடையில் காசாளராக இருந்தேன். பேசிய சம்பளம் 20,000 ரூபா. முதல் மாதம் கையில் தந்தது 16,000. சீட்டில் "ஈபிஎஃப் 20%" என்று பேனாவால் எழுதியிருந்தது. அப்பா சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். என் சீட்டையும் தன்னுடைய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, உன்னட்ட எட்டுத்தான் வெட்டலாம். பன்னிரண்டு அவங்கட பங்கு. அதையும் உன்ர காசில எடுத்திருக்கிறாங்கள்." மாதம் 2,400 ரூபா. அந்தச் சம்பளத்துக்கு அது சின்னக் காசில்லை.

கடையில் கேட்டபோது "எல்லா இடத்திலயும் இப்பிடித்தான் தங்கச்சி" என்றார்கள். முதலாளியின் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்தில் வெட்டச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. என்னோடு வேலை செய்த வேறு பெண்பிள்ளைகளுக்கும் அதே வெட்டு. எல்லாரும் சீட்டுகளைப் பிரதி எடுத்துக்கொண்டு சேர்ந்து தொழில் அலுவலகத்துக்குப் போனோம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தோம். அலுவலர் விசாரணைக்குக் கூப்பிட்டபோது எங்களிடம் சீட்டு இருந்தது, அவர்கள் கையெழுத்தும் அதில் இருந்தது. வாதாட ஒன்றும் இருக்கவில்லை. கூட வெட்டிய காசைத் திருப்பித் தந்தார்கள். அன்றைக்கு எங்களிடம் சீட்டு இல்லாமல் வாய்ச்சொல் மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பதுண்டு. ஆகவே யாராவது "பே சீட் ஏன் அக்கா, காசு வந்தால் சரிதானே" என்று சொன்னால் எனக்குக் கோபமே வரும். ஒவ்வொரு மாதச் சீட்டையும் வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சேமித்து வையுங்கள். கையால் எழுதித் தந்தால் போனில் படம் எடுத்து வையுங்கள்.

இனி அந்தப் பேசிக் விசயம். இதை விளங்கிக்கொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும். ஈபிஎஃப், ஈடிஎஃப், மேலதிக நேர வேலைக்கு வரும் ஓடி, வேலையை விடும்போது வரும் பணிக்கொடை என்று நான்கையும் கணக்குப் போடும்போது பெரும்பாலான இடங்களில் சீட்டின் மேலே இருக்கும் அந்தத் தொகையைத்தான் எடுக்கிறார்கள். கீழே இருக்கும் பயணப்படி, வரவுப்படி, ஊக்கப்படி எல்லாம் அந்த மாதத்துக் காசு. அடுத்த மாதம் குறைத்தாலும் கேட்க முடியாமல் போகலாம்.

போன வருசம் என் மாமியின் மகனுக்கு இரண்டு இடத்தில் வேலை வந்தது. ஓரிடத்தில் பேசிக் 30,000, படிகள் 30,000, மொத்தம் 60,000. மற்ற இடத்தில் படி ஒன்றும் இல்லை, பேசிக் மட்டும் 55,000. "ஐயாயிரம் கூட வாற இடத்துக்குத்தானே போக வேணும்?" என்று கேட்டான். சாப்பாட்டு மேசையில் இருந்தே அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

முதல் இடத்தில் 30,000க்கு மட்டும் ஈபிஎஃப் போட்டால் அவனுக்கு வெட்டு 2,400. கைக்கு 57,600. முதலாளி போடுவது 3,600, ஈடிஎஃப் 900. ஆகவே மாதம் அவன் பெயரில் சேர்வது 6,900. இரண்டாவது இடத்தில் வெட்டு 4,400, கைக்கு 50,600. முதலாளி 6,600, ஈடிஎஃப் 1,650. மாதம் சேர்வது 12,650. கைக்காசையும் அவன் பெயரில் சேர்வதையும் கூட்டினால் முதல் இடம் 64,500, இரண்டாவது 63,250. அதாவது 5,000 என்று தெரிந்த வித்தியாசம் உண்மையில் 1,250தான்.

பிறகு ஓடியைப் போட்டுப் பார்த்தோம். மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்து ஒரு மணித்தியாலத்தின் பெறுமதியை எடுத்து, அதை ஒன்றரையால் பெருக்குவதுதான் கடை, அலுவலக வேலைகளுக்குப் பொதுவான முறை. முதல் இடத்தில் ஒரு மணித்தியால ஓடி 187 ரூபா 50 சதம். இரண்டாவதில் 343 ரூபா 75 சதம். மாதம் 20 மணித்தியாலம் செய்தால் 3,750க்கு எதிராக 6,875. இந்த ஒன்றிலேயே இரண்டாவது இடம் முந்திவிட்டது. பணிக்கொடைக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்பதால் அதிலும் 15,000க்கு எதிராக 27,500. அவன் 55,000 வேலையை எடுத்தான். மாதாமாதம் கையில் குறைவாக வருவது கஷ்டம்தான், அவனுக்கு மோட்டார் சைக்கிள் லீசிங்கும் இருந்தது. அவசரக் காசு வேண்டியிருக்கிற ஒருவர் முதல் இடத்தைத் தெரிவுசெய்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். தெரிந்துகொண்டு தெரிவுசெய்ய வேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

படி என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாமே ஈபிஎஃப்புக்கு வெளியே போய்விடும் என்று நினைக்கவும் கூடாது. சட்டம் "உழைப்பு" என்று சொல்வதற்குள் சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவுப்படி, அதைப் போன்ற படிகள், விடுமுறைக்கான கொடுப்பனவு, உணவுப்படி எல்லாம் வருகின்றன. ஓடி வராது. பழைய சீட்டுகளில் 1,000 என்றும் 2,500 என்றும் வரவுசெலவுத் திட்டப் படி இரண்டு வரிசையாக இருக்கும். அவற்றுக்கும் ஈபிஎஃப் போட வேண்டியிருந்தது. உங்கள் சீட்டில் மாதம் தவறாமல் ஒரே தொகையாக வாழ்க்கைச் செலவுப்படி வந்தும் ஈபிஎஃப் பேசிக்குக்கு மட்டும்தான் போகிறது என்றால் அதைக் கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது.

பேசிக்குக்கு ஓர் அடிமட்டமும் உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் 10,000 என்று வைத்தது. 2025 ஏப்ரலில் அது 27,000 ஆகவும் 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் ஏறியது. நகரத்துச் சின்னக் கடைகளில் இன்னும் அதற்குக் கீழே பேசுகிறார்கள் என்று பிள்ளைகள் வந்து சொல்கிறார்கள். "சாப்பாடு தாறம், தங்க இடம் தாறம்" என்று சொல்லிக் குறைப்பதும் உண்டு. அதைக் கேட்கும்போது மனம் எரிகிறது, ஏனென்றால் ஏமாறுவது அநேகமாக முதல் வேலைக்கு வரும் பிள்ளைகள்.

ஹோட்டல் வேலையில் இன்னொரு பெரிய தொகை சேர்விஸ் சார்ஜ். விருந்தினரின் பில்லில் போடும் 10 வீதத்தைச் சேர்த்து ஊழியருக்குப் பகிர்வது. எங்கள் கரையில் சீசன் ஏப்ரலில் தொடங்கிச் செப்டெம்பர் மட்டும். சோழகம் வீசுகிற காலத்தில் கடல் அமைதி, புறாமலைத் தீவுக்குப் படகுகள் ஓடும், அறைகள் நிறையும். ஓகஸ்ட் மாதம் சேர்விஸ் சார்ஜ் பேசிக்கையே தாண்டிப் போகும். வாடை தொடங்கி மழை பிடித்தால் நவம்பரில் அது தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகும். ஓகஸ்ட் சம்பளத்தைக் காட்டி வங்கியில் கடன் எடுத்தவர்கள் டிசம்பரில் தவணை கட்ட அல்லாடுவதை ஒவ்வொரு வருசமும் பார்க்கிறேன். எங்கள் சமையல்கார நானா ஒருவர் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்: மே முதல் செப்டெம்பர் வரை சேர்விஸ் சார்ஜில் பாதி மனைவியின் புத்தகத்துக்குப் போகும், வாடை மாதங்களில் அதிலிருந்து எடுப்பார்கள். அவர் எடுத்த கடனும் பேசிக்கை மட்டும் கணக்கில் வைத்து எடுத்ததுதான்.

சீசன் மாதங்களில்தான் வரி வெட்டும் வந்து ஆட்களைத் திகைக்க வைக்கும். ஏபிஐடி என்று சீட்டில் இருக்கும், சம்பளத்திலேயே வெட்டும் வருமான வரி அது. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபா வரை வரி இல்லை, முன்பு அது 100,000 ஆக இருந்தது. அதற்கு மேலே வரும் முதல் 83,333 ரூபாவுக்கு 6 வீதம். ஆகவே ஓகஸ்டில் எல்லாம் சேர்த்து 170,000 எடுத்தவருக்கு 20,000க்கு 6 வீதம், 1,200 ரூபா வெட்டப்படும். "ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால் முழுக் காசுக்கும் வரி" என்று எங்கள் சமையலறையில் ஒரு கதை ஓடியது. அப்படி இல்லை, தாண்டிய பகுதிக்கு மட்டும்தான். ஆண்டுக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை, எல்லை 18 லட்சம். ஓகஸ்டில் வெட்டப்பட்டு ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் 18 லட்சத்துக்குக் கீழே நின்றவர்கள், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு வரி விபரத்திரட்டைக் கொடுத்து வெட்டிய காசைத் திருப்பிக் கேட்கலாம். அதற்கு வரி இலக்கமும், நிறுவனம் தரும் வரி கழித்த சான்றிதழும் தேவை. சான்றிதழை ஏப்ரலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு தேடிக்கொண்டு போவது கரைச்சல்.

மற்ற வெட்டுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முற்பணம், பண்டிகைக் கடன், நலன்புரிச் சங்கம், முத்திரைக் காசு, சம்பளமில்லா லீவுக்கு வெட்டும் நோ பே. இவற்றில் நீங்கள் கையெழுத்து வைக்காத எதையும் கேள்வி கேளுங்கள். கிளாஸ் உடைந்தது, துவாய் காணாமல் போனது என்று எல்லாரிடமும் பொதுவாக வெட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. யார் உடைத்தது என்று விசாரிக்காமல் ஒரு தளத்தின் ஆட்கள் எல்லாரிடமும் எடுப்பது நியாயமே இல்லை.

சீட்டில் வெட்டியிருப்பதாலேயே காசு போய்ச் சேர்ந்துவிட்டது என்று இருந்துவிடவும் முடியாது. ஒரு மாதத்து ஈபிஎஃப்பை அடுத்த மாத முடிவுக்குள் முதலாளி கட்ட வேண்டும். பிந்தினால் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் அவர் தலையில் விழும். கட்டியிருக்கிறாரா என்பதை மத்திய வங்கி தரும் கணக்கு அறிக்கையில் பார்க்கலாம், இணையத்திலும் பார்க்க வசதி உண்டு. வருடத்தில் ஒரு தடவையாவது பாருங்கள். மாதங்கள் விடுபட்டிருந்தால் உடனே கேட்பது சுலபம். பத்து வருசம் கழித்து, கம்பனியையே மூடிவிட்ட பிறகு கேட்பது எவ்வளவு துன்பம் என்பதை என் பெரியப்பா விசயத்தில் பார்த்தேன்.

அவருக்கு 55 வயதானபோது ஈபிஎஃப் எடுக்கப் போனார். ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50. அவருடைய உறுப்பினர் அட்டை 2004 சுனாமியில் வீட்டோடு போய்விட்டது. அடையாள அட்டை இலக்கத்தை வைத்துக் கணக்கைத் தேடினார்கள். கணக்கு கிடைத்தது, பெயர்தான் பொருந்தவில்லை. ஒன்றில் தகப்பன் பெயரின் முதலெழுத்து, இன்னொன்றில் இரண்டு முதலெழுத்து. அதோடு எங்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு கிளார்க்கும் ஒவ்வொரு விதமாக எழுதியிருந்தார்கள். கிராம அலுவலரின் கடிதம், ஜேபி என்ற சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, பிறப்புச் சான்றிதழ் என்று அலைந்தார். இடையில் இரண்டு கம்பனியில் வேலை செய்ததால் இரண்டு கணக்கு, அவற்றையும் ஒன்றாக்க வேண்டியிருந்தது. கடைசியில் காசு கிடைத்தது, ஆனால் அந்த வயதில் அவ்வளவு அலைச்சல் தேவையில்லாதது.

ஆகவே புதிய ஆள் சேரும்போது ஈபிஎஃப் பதிவுப் படிவத்தை நான் நிரப்பினால், அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்ப்பேன். பழைய ஒன்பது இலக்க அட்டையை விட்டுப் புதிய பன்னிரண்டு இலக்க அட்டை எடுத்தவர்கள் அதைக் கணக்குப் பிரிவில் சொல்லிவிட வேண்டும். யாருக்குக் காசு போக வேண்டும் என்று எழுதும் பின்னுரித்தாளர் பெயரையும் கலியாணத்துக்குப் பிறகு, பிள்ளை பிறந்த பிறகு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

ஈடிஎஃப்பை யாரும் கணக்கெடுப்பதில்லை, 3 வீதம்தானே என்று. ஆனால் காசு ஒழுங்காகக் கட்டப்படும் உறுப்பினருக்கு அதில் வேறு உதவிகள் இருக்கின்றன. பிள்ளை ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சித்தியடைந்தால் உதவித்தொகை, இருதயச் சத்திரசிகிச்சைக்கு உதவி, கண்ணுக்கு லென்ஸ் வைத்தால் அந்தச் செலவில் ஒரு பகுதி. எங்கள் தோட்ட வேலை ஐயா கண்ணில் பூ விழுந்து ஒப்பரேசன் செய்தபோது இதற்கு விண்ணப்பித்தோம். பில்லையும் வைத்தியரின் கடிதத்தையும் அவர் பத்திரமாக வைத்திருந்ததால் காசு வந்தது. இப்படி ஒன்று இருப்பதே அவருக்கு அதுவரை தெரியாது.

பணிக்கொடைக்கு வருகிறேன். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்த ஒருவர் வேலையை விட்டால், தானாக விலகினாலும்கூட, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். எங்கள் கரையில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சீசன் முடிந்ததும் "ரிசைன் கடிதம் எழுதித் தாங்கோ, ஏப்ரலில திரும்ப எடுக்கிறம்" என்று கேட்கும் இடங்கள் உண்டு. ஏப்ரலில் புதுக் கடிதம், புதுத் தேதி. அப்படியே ஏழு சீசன் வேலை செய்தவருக்கும் கடதாசியில் ஐந்து வருடம் நிரம்பாது. ஒக்டோபரில் அப்படிக் கேட்டால் விலகல் கடிதம் எழுதாதீர்கள். சம்பளமில்லா லீவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் கையெழுத்து வைக்க முன் தொழில் அலுவலகத்தில் ஒரு தரம் விசாரியுங்கள், ஆலோசனைக்கு அவர்கள் காசு கேட்பதில்லை.

ஈபிஎஃப் காசை இடையில் எடுப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். பத்து வருடம் கட்டியிருந்து, கணக்கில் குறைந்தது 3 லட்சம் இருந்தால் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வரை எடுக்கலாம், அதிகபட்சம் 20 லட்சம். கூரை ஒழுகும் வீட்டுக்கு எடுப்பவரைத் தடுக்க மாட்டேன். பெண்கள் கலியாணத்துக்காக வேலையை விட்டால் 50 வயதுக்கு முன்பே முழுக் காசையும் எடுக்க வழி இருக்கிறது. இந்த வழியைப் பற்றித்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. நகைக்கும் மண்டபத்துக்கும் அந்தக் காசு ஒரு கிழமையில் கரைந்துவிடும். அதை எடுக்க வேலையையும் விட வேண்டும். போன மாதம் ரிசெப்சனில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி அந்தப் படிவத்தோடு வந்தாள். கலியாணத்துக்குப் பிறகும் வேலை செய்ய விருப்பமா என்று கேட்டேன். விருப்பம், வீட்டில்தான் நகைக்குக் காசு போதவில்லை என்றாள். பிள்ளைப்பேற்று லீவு 84 வேலைநாள் சம்பளத்தோடு கிடைக்கும், 2018இலிருந்து எத்தனையாவது பிள்ளைக்கும் அப்படித்தான் என்று எடுத்துச் சொன்னேன். அடுத்த வருசம் அவளுக்கு ஐந்து வருடம் நிரம்புகிறது, அதற்கு முதல் விலகினால் பணிக்கொடை முழுவதும் போய்விடும் என்பதையும் அவளுடைய பேசிக்கை வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அந்தத் துண்டை அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனாள்.